அம்மாயியின் காசுக்கு வரி உண்டா?

2025 ஜூலையில் ஒரு நாள், ஹட்டன் டவுனில் ஒரு வங்கி வாசலில் நாங்கள் இரண்டு பேர் அம்மாயியோடு நின்றுகொண்டிருந்தோம். எங்கள் குழுவில் ஒருத்தியின் அம்மாயி. மற்றவர்களுக்கும் அவர் அம்மாயிதான், ஏனென்றால் எல்லோரும் அவர் காம்பராவில் ரொட்டி சாப்பிட்டிருக்கிறோம். அவர் கையில் பாஸ்புக். முகத்தில் சந்தேகம்.

"மூவாயிரத்து முந்நூத்திச் சொச்சம் வரணும் புள்ள. இப்ப மூணு மாசமா மூவாயிரந்தான் வருது. யாரு எடுக்கிறா?"

"அரசாங்கம் அம்மாயி. வட்டிக்கு வரி."

"எனக்கா வரி? நான் என்ன கடையா வச்சிருக்கேன்?"

கணக்கு சின்னதுதான். அம்மாயி 5 இலட்சம் ரூபா நிலையான வைப்பில் போட்டிருக்கிறார். நூற்றுக்கு 8 வட்டி. வருடத்துக்கு 40,000, மாதத்துக்கு 3,333. அதில் 333 ரூபா போய்விடுகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் வட்டி மீதான நிறுத்திவைத்தல் வரி நூற்றுக்கு 5இலிருந்து 10 ஆனது. வங்கியே பிடித்து அரசாங்கத்துக்கு அனுப்பிவிடும்.

ஆனால் அம்மாயி கேட்டது சரியான கேள்வி. அதே ஏப்ரலில் இருந்து, இந்த நாட்டில் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை வருமானம் உள்ள ஆளுக்கு வருமான வரியே இல்லை. அம்மாயியின் வருமானம் அந்த 40,000தான். பதினெட்டு இலட்சத்துக்குக் கிட்டவும் வராது. அவர் வரி கட்ட வேண்டிய ஆளே இல்லை. ஆனாலும் பிடிக்கப்படுகிறது. ஏன்? "எனக்கு வருமானம் இவ்வளவுதான், பிடிக்காதே" என்று ஒரு சுய பிரகடனப் படிவத்தை வங்கிக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் விலக்கு. கொடுக்காவிட்டால் பத்து வீதம்.

விலக்கு சட்டத்தில் இருக்கிறது, அதை வாங்க ஒரு கடதாசி வேண்டும். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாங்கள் பின்னோக்கிப் போக ஆரம்பித்தோம். போகப் போக, மலையகத்து ஆட்களுக்கும் 'வரி விலக்கு' என்ற சொல்லுக்கும் உள்ள உறவு நாங்கள் நினைத்ததைவிட ரொம்பப் பழசு என்று தெரிந்தது. அது அவ்வளவு சந்தோசமான உறவும் இல்லை.

*

1848. அப்போது இந்த மலைகளில் தேயிலை இல்லை, கோப்பி. ஆளுநர் தொரிங்டன் பிரபு கஜானா காலியாகிப் போய் வரிசையாக வரிகளைப் போட்டார். துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. எல்லாவற்றையும்விட ஆட்களைக் கோபப்படுத்தியது வீதிச் சட்டம். 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் ரோட்டு வேலை செய்ய வேண்டும். முடியாவிட்டால் 3 சிலிங் கட்ட வேண்டும். மாத்தளையிலும் குருநாகலிலும் கலகம் வெடித்தது. கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் அரசனாக முடிசூட்டிக்கொண்டார். புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ள கதை. ஓ.எல்லுக்குப் படித்தோம், பரீட்சை எழுதினோம், மறந்தோம்.

பாடப்புத்தகத்தில் எங்களுக்குக் கண்ணில் படாத ஒரு சின்ன விசயம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க நீடித்த அந்தத் தலைவரியில் இருந்து சில ஆட்களுக்கு விலக்கு இருந்தது. ஆளுநருக்கு, படையினருக்கு, முதலில் சேர்க்கப்பட்டுப் பிறகு விடப்பட்ட பௌத்த பிக்குகளுக்கு, இன்னும் ஒரு கூட்டத்துக்கு. யார் தெரியுமா? இந்தியாவில் இருந்து வந்த தோட்டக் கூலிகளுக்கு.

ஆளுநரும் நம்ம பாட்டன் பூட்டனும் ஒரே பட்டியலில்! படித்தபோது முதலில் சிரித்தோம்.

அப்புறம் யோசித்தோம். ஆளுநர் ஏன் வரி கட்டவில்லை என்பது விளங்குகிறது. கூலி ஏன் கட்டவில்லை? இரக்கத்தாலா? எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. ராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் இருந்து, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்த சனம் அது. வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கில்லை. கோப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் வந்து, முடிந்ததும் திரும்பிப் போகிறவர்கள் என்று அரசாங்கம் நினைத்தது. ஆறு நாளை ரோட்டுக்குக் கொடுத்தால் துரைமாருக்கு ஆறு நாள் வேலை போகும். வரி என்று கேள்விப்பட்டால் ஊரில் இருந்து ஆள் வருவதும் குறையும். அதனால் விட்டார்கள். அந்த விலக்குக்கு உள்ளே இன்னொரு வசனம் ஒளிந்திருந்தது: நீ இந்த ஊர் ஆள் இல்லை.

அதோடு வரியே கட்டவில்லை என்பதும் பொய். தோட்டத்தில் சாப்பிட்டது இந்தியாவில் இருந்தும் பர்மாவில் இருந்தும் கப்பலில் வந்த அரிசி. அந்த அரிசிக்கு இறக்குமதித் தீர்வை இருந்தது. உள்ளூர் விவசாயியின் நெல் வரியை 1892இல் எடுத்துவிட்டார்கள். இறக்குமதி அரிசியின் தீர்வையை விட்டுவைத்தார்கள். உப்பு அரசாங்கத்தின் ஏகபோகம். ஆகவே தலைக்கு வரி இல்லை, வயிற்றுக்கு வரி. இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

'இந்த ஊர் ஆள் இல்லை' என்பது பிறகு எப்படியெல்லாம் வளர்ந்தது என்று தனிக் கட்டுரையே எழுதலாம். இங்கே ஒரு இழையை மட்டும் சொல்கிறோம். 1937இல் கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தியபோது தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்குக் கிராமச் சபை வாக்கு இல்லை என்றார்கள். தோட்டம் வேறு கிராமம் வேறு, தோட்டத்து ஆள் கிராமத்துக்கு வரி கட்டுவதில்லை, அவரைத் தோட்டம் பார்த்துக்கொள்ளும் என்ற மாதிரியான வாதங்கள். வரி கேட்காமல் விட்டதே பிறகு உரிமை கொடுக்காமல் விடுவதற்குக் காரணமானது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது பாதை ஏற்கெனவே வெட்டியிருந்தது. 1987இன் பிரதேச சபைச் சட்டத்திலும் இதன் வால் தொங்கியது: தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் இல்லாமல் சபை தன் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது. தோட்டத்துக் கம்பனி சபைக்கு ஏக்கர் வரி கட்டும், ஆனால் லயத்துக்குப் போகிற பாதையில் சபை ஒரு கல்லைப் போட முடியாது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள்.

*

இப்போது வயதான பிறகு வரும் காசுக்கு வருவோம்.

தோட்டத்தில் பென்சன் கிடையாது. ஸ்கூல் டீச்சர், தபால்காரர், கிராம சேவகர் மாதிரி அரசாங்க வேலைக்காரருக்குத்தான் பென்சன். அந்தப் பென்சனுக்கு வருமான வரியும் இல்லை. மலையகத்தில் முதல் தலைமுறை ஆசிரியர் நியமனம் கிடைத்த வீடுகளில் பிள்ளையின் சம்பளத்தைவிட, "கடைசி வரைக்கும் காசு வரும்" என்பதுதான் பெருமையாகப் பேசப்பட்டது என்று எங்கள் அம்மாக்கள் சொல்வார்கள்.

தோட்டத் தொழிலாளிக்குக் கிடைப்பது மூன்று காசு. மூன்றும் மொத்தமாக ஒரே தடவை.

முதலாவது ஊழியர் சேமலாப நிதி, எல்லோரும் சொல்லும் ஈ.பி.எஃப். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். பண்டாரநாயக்க ஆட்சியில் தொழில் அமைச்சராக இருந்த டி. பி. இலங்கரத்னவின் காலத்தில் வந்தது. தொடக்கத்தில் தொழிலாளியிடம் 4 வீதம், முதலாளியிடம் 6 வீதம். இன்று 8 வீதம், 12 வீதம். ஆணுக்கு 55 வயதில், பெண்ணுக்கு 50 வயதில் எடுக்கலாம். தலைவரி ஓயும் வயதும் 55, ஈ.பி.எஃப் எடுக்கும் வயதும் 55. தற்செயல்தான், ஆனால் எங்களுக்கு அது கண்ணில் குத்தியது.

இரண்டாவது ஊழியர் நம்பிக்கை நிதி, ஈ.டி.எஃப், 1980ஆம் ஆண்டுச் சட்டம். முதலாளி மட்டும் 3 வீதம் போட வேண்டும்.

மூன்றாவது பணிக்கொடை. தோட்டத்தில் சேவைக்காலப் பணம் என்பார்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பளக் கணக்கில். வேலை முடிந்து 30 நாளைக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் போட்டுக் கொடுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் வரி உண்டா? ஈ.பி.எஃப் பணம் ஓய்வுபெற்ற ஆளின் கைக்கு வரும்போது வரி இல்லை. ஈ.டி.எஃப், பணிக்கொடை மாதிரியான கடைசிக் கொடுப்பனவுகளில் முதல் 1 கோடி ரூபாவுக்கு வரி வீதம் பூச்சியம். அதற்கு மேல் 6, அதற்கும் மேல் 12 வீதம். ஒரு கோடி! கொழுந்து பறிக்கிற ஆள் அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும் என்றால் எத்தனை பிறவி எடுக்க வேண்டும்?

அம்மாயியின் கணக்கைப் பாருங்கள். செக்ரோலில் பேர் ஏறியது 1985. அதற்கு முன்னால் சின்ன வயதில் அவர் அம்மாவோடு மலைக்குப் போய்ப் பறித்ததெல்லாம் கணக்கில் இல்லை. 2018இல் பேரை வெட்டிக்கொண்டார். 33 வருடம். அப்போது அடிப்படைச் சம்பளம் நாளுக்கு 500 ரூபா. 33ஐ 14ஆல் பெருக்கி 500ஆல் பெருக்கினால் 2,31,000 ரூபா. முப்பத்து மூன்று வருடத்து அட்டைக்கடிக்கும் முதுகுவலிக்கும் பணிக்கொடை அவ்வளவு.

அப்போது பேப்பரில் எல்லாம் தோட்டத் தொழிலாளியின் சம்பளம் 730 ரூபா என்றுதான் இருந்தது. நாங்களும் அப்படித்தான் நம்பினோம். அந்த 730க்குள் இருந்தது இது: 2016 கூட்டு ஒப்பந்தப்படி அடிப்படை 500, வருகைக்கு 60, விலைப் பங்கு 30, உற்பத்தித் திறனுக்கு 140. ஈ.பி.எஃப், ஈ.டி.எஃப், பணிக்கொடை எல்லாம் கணக்குப் பார்ப்பது அந்த 500ஐ வைத்து. மிச்சம் 230 ரூபாவுக்கு எதிர்காலமே கிடையாது. அன்றைக்கு வாங்கி அன்றைக்கே அரிசியாகிவிடும்.

இது ஒரு ஒப்பந்தத்தில் மட்டும் நடந்தது இல்லை. 2011இல் 515 ரூபா என்றார்கள், அடிப்படை 380. 2013இல் 620 என்றார்கள், அடிப்படை 450. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை தொழிற்சங்கத் தலைவர்களும் கம்பனிகளும் மேசையில் உட்கார்ந்து எழும்பும்போது பட்டாசு வெடிக்கும். பெரிய எண் ஒன்று அறிவிக்கப்படும். அந்த எண்ணில் எவ்வளவு அடிப்படை, எவ்வளவு கொடுப்பனவு என்று லயத்தில் யாருக்கும் யாரும் விளக்கவில்லை. நாளுக்கு 730க்கும் ஈ.பி.எஃப் போட்டிருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 146 ரூபா. போட்டது 100. அந்த 46 ரூபா வருடக்கணக்காக வட்டியோடு குட்டி போட்டிருந்தால்? பணிக்கொடையையும் 730க்குப் போட்டுப் பாருங்கள், 3,37,260 வரும். ஒரு இலட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

எங்களைக் கேட்டால், தோட்டத்தில் வயதான ஆள் கட்டிய பெரிய வரி இதுதான். எந்த வரிச் சட்டத்திலும் இதற்குப் பேர் இல்லை. ரசீதும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மாயி பேர் வெட்டி சில மாதத்தில், 2019 ஜனவரியில், அடிப்படைச் சம்பளம் 700 ஆனது. கொஞ்சம் பொறுத்திருந்தால் பணிக்கொடை 3,23,400. இதை நாங்கள் கணக்குப் போட்டு அவருக்குச் சொல்லிவிட்டோம். சொல்லியிருக்கக் கூடாது. அன்று முழுக்க அவர் எங்களோடு சரியாகப் பேசவில்லை.

*

இந்தக் காசு கடல் கடந்தும் போயிருக்கிறது. 1964 ஒக்டோபர் 30, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று மனிதர்களைப் பங்கு போட்ட ஒப்பந்தம். அந்த எண்களை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அதே ஒப்பந்தத்தில் ஓய்வுக்காசைப் பற்றி ஒரு பிரிவு இருப்பதை நாங்கள் இப்போதுதான் கவனித்தோம்.

நாட்டைவிட்டுப் போகிறவர்கள் தங்கள் சொத்தை, சேமலாப நிதியும் பணிக்கொடையும் உட்பட, அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுக் கொண்டுபோகலாம் என்கிறது அது. கூடவே, ஒரு குடும்பம் கொண்டுபோகக் கூடிய உச்சத் தொகையை 4,000 ரூபாவுக்குக் கீழே இறக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

அந்த வசனத்தை இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. நாலாயிரம் ரூபா தருகிறோம் என்று அது சொல்லவில்லை. உங்கள் காசை நீங்கள் எடுத்துக்கொண்டு போவதற்கு நாங்கள் போடும் வரம்பு நாலாயிரத்துக்குக் கீழே போகாது என்கிறது. சொந்த உழைப்பின் காசுக்கு வரம்பு! இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்ட கடதாசியில் ஒரு கொழுந்துக்காரியின் சேமலாபம் வந்து உட்கார்ந்தது வரலாற்றில் அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறோம்.

அந்தக் காசைக் கையில் வாங்கிக்கொண்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரிக்குப் போனவர்கள் நிறையப் பேர். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்றைக்கும் அவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கே உள்ள லயத்திலும் "என் தம்பி சேமலாபத்த எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போனான்" என்று சொல்லும் கிழவிகள் இருக்கிறார்கள். அம்மாயியின் அண்ணன் ஒருவரும் அப்படிப் போனவர். போகும்போது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு ரேடியோவும் கொண்டு போனாராம். காசு எவ்வளவு என்று கேட்டோம். "அது எனக்கு எங்க தெரியும், ஆம்பளைங்க சமாச்சாரம்."

போகாமல் இங்கேயே இருந்தவர்களுக்கு வேறு வில்லங்கம். எழுத்து. செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதிய பேர் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று. லெட்சுமி, லட்சுமி, லச்சிமி. அப்பா பேர் முன்னால் வருமா பின்னால் வருமா என்ற குழப்பம் வேறு. ஈ.பி.எஃப்பின் பி கார்டில் உள்ள பேரும் அடையாள அட்டையில் உள்ள பேரும் ஒத்துப்போகாவிட்டால் காசு நகராது. பிரஜாவுரிமையே இல்லாமல் பல வருடம் இருந்த சனத்துக்கு அடையாள அட்டை எங்கிருந்து வரும்? நாடற்றவர்களில் மிச்சமிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் பிரஜாவுரிமை கிடைத்தது. தோட்டம் கைமாறிக்கொண்டும் இருந்தது. 1975இல் வெள்ளைக்காரக் கம்பனிகளிடம் இருந்து அரசாங்கத்துக்கு, 1992இல் அரசாங்கத்திடம் இருந்து பிராந்தியக் கம்பனிகளுக்கு. அரசாங்கத்திடமே மிஞ்சிய ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் ஈ.பி.எஃப், ஈ.டி.எஃப், பணிக்கொடை எல்லாவற்றிலும் நிலுவை வைத்து, அது பாராளுமன்றம் வரை பல தடவை பேசப்பட்டது. தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் மட்டும் ஒரு மாதமும் தவறாமல் வெட்டப்பட்டது.

*

2022 வந்தது. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை எல்லாம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம். அந்த வருடத்துக்கு ஈ.பி.எஃப் அறிவித்த வட்டி 9 வீதம். எந்தச் சட்டத்தாலும் யாரும் வரி என்று பிடிக்கவில்லை. ஆனாலும் 33 வருடச் சேமிப்பில் பெரும்பங்கு காற்றில் போனது. சிரேஷ்ட பிரஜைகளின் வைப்புக்கு 2015இல் இருந்து கொடுத்துவந்த 15 வீத விசேட வட்டியையும் அந்த வருடமே நிறுத்தினார்கள்.

அடுத்த வருடம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு. 2023 ஜூலை 1, ஒரு சனிக்கிழமை, பாராளுமன்றம் கூடி நிறைவேற்றியது. ஓய்வூதிய நிதிகள் தங்களிடம் உள்ள திறைசேரி முறிகளைக் கொடுத்துப் புதிய முறிகளை வாங்க வேண்டும். அவற்றுக்கு 2026 வரை 12 வீதம், பிறகு 9 வீதம் வட்டி. சம்மதித்தால் நிதியின் வருமானத்துக்கு வழக்கமான 14 வீத வரி. சம்மதிக்காவிட்டால் 30 வீதம். இதில்தான் எங்களுக்கு ஒரு நிமிசம் பழைய வீதிச் சட்டம் ஞாபகம் வந்தது: ஆறு நாள் வேலை செய், இல்லாவிட்டால் மூன்று சிலிங் கட்டு. வங்கிகளை ஏன் விட்டீர்கள் என்று கேட்டபோது, அவை ஏற்கெனவே 50 வீதத்துக்கு மேல் வரி கட்டுகின்றன என்றார்கள். ஈ.பி.எஃப் சம்மதித்தது. அதன் இலட்சக்கணக்கான உறுப்பினர்களை யாரும் கேட்கவில்லை.

கவனியுங்கள், உறுப்பினர் கைக்கு வரும்போது ஈ.பி.எஃப்புக்கு வரி இல்லை என்று முன்னால் சொன்னோம். அது உண்மைதான். நிதிக்குள் இருக்கும்போதே அதன் வருமானத்தில் 14 வீதம் போய்விடுகிறது. மாதம் ஒன்றரை இலட்சம் ரூபா சம்பளம் வாங்கும் கொழும்பு உத்தியோகத்தருக்கு இப்போது வருமான வரி பூச்சியம். ஆயிரம், ஆயிரத்து முந்நூற்று ஐம்பது என்று நாட்கூலி வாங்கிவந்த ஆளின் ஓய்வுகாலச் சேமிப்பின் வருமானத்துக்கு 14 வீதம். நிதிக்கு ஏழை பணக்காரன் தெரியாது, எல்லோரும் ஒரே குவியல்.

மற்றப் பக்கம் வற் வரி. 2019 கடைசியில் 8 வீதமாக இருந்தது. 2022இல் 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18. சவர்க்காரத்துக்கு, போனுக்குப் போடும் ரீலோடுக்கு, அதுவரை விலக்கில் இருந்த காஸுக்கும். அம்மாயி மாதம் மூவாயிரத்தையும் செலவழித்துத் தீர்ப்பார், மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. ஆகவே அவர் காசில் பெரும்பகுதி வரி போட்ட பொருளாகத்தான் வீட்டுக்கு வருகிறது. தலைக்கு வரி இல்லை, வயிற்றுக்கு வரி.

அந்த மூவாயிரம் போதாது என்பதால் வயதானவர்கள் இன்னமும் மலைக்குப் போகிறார்கள். அதற்குக் கைக்காசு என்று பேர். பேர் வெட்டின ஆள் கொழுந்து பறித்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் வாங்கிக்கொள்வது. ஈ.பி.எஃப் இல்லை, ஈ.டி.எஃப் இல்லை, பணிக்கொடை இல்லை. அம்மாயியும் முழங்கால் ஒத்துழைக்கிற நாட்களில் போவார். லயத்துக் காம்பராவும் அவர் பேரில் இல்லை. மகள் தோட்டத்தில் பேர் போட்டிருக்கும் வரைக்கும் அவர் அங்கே இருக்கலாம்.

*

சரி, வங்கியில் என்ன நடந்தது?

முதல் நாள் கிடைத்த படிவம் இங்கிலீஷில் இருந்தது. தமிழில் ஒன்று இருக்கிறதா என்று கேட்டோம், தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். நாங்களே நிரப்பினோம். அதில் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் கேட்டது. வரி கட்டத் தேவையில்லாத ஆள் வரி கட்டாமல் இருப்பதற்கு வரி செலுத்துநர் என்று பதிய வேண்டும்! அதையும் போனில் பதிந்தோம். அடையாள அட்டைப் படம், பாஸ்புக் படம், லயத்துக்கு விலாசம் என்ன எழுதுவது என்று ஒரு அரை மணித்தியாலம் சண்டை. தோட்டத்தின் பேர், டிவிசன், கடைசியில் தபால் கந்தோர். வீட்டு இலக்கம் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

பத்து நாள் கழித்துத் திரும்பப் போய்ப் படிவத்தைக் கொடுத்தோம். இனிமேல் பிடிக்க மாட்டோம் என்றார்கள். ஏற்கெனவே பிடித்தது? அது அரசாங்கத்துக்குப் போய்விட்டது, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் விண்ணப்பித்து மீளப் பெற வேண்டும் என்றார்கள். மூன்று மாதம், 999 ரூபா.

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். மூன்று பேருக்கு டீயும் வடையும், பஸ் காசு, போட்டோ கொப்பி என்று அன்றைக்கே அறுநூறு ரூபா ஆகியிருந்தது. "விட்டுருவோமா அம்மாயி?" என்று கேட்டோம்.

"எதுக்கு விடணும்? ஆயிரம் ரூபா புள்ள. நான் பேர் வெட்டையில அது ரெண்டு நாள் பேரு."

நாங்கள் மனதில் கணக்குப் போட்டோம். 500, 500. சரிதான்.

அவர் வங்கிச் சீட்டை மடித்து, பாஸ்புக்கும் பழைய பி கார்டும் வைத்திருக்கிற பொலித்தீன் பைக்குள் போட்டு, ரப்பர் பேண்டைச் சுற்றினார். மீள்கொடுப்பனவுக்கு என்னென்ன கடதாசி வேண்டும் என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் லயத்திலும் பாஸ்புக்கோடு ஒரு அம்மாயியோ அப்பாயியோ இருப்பார்கள். வட்டி வரும் பக்கத்தை ஒரு தடவை திறந்து பாருங்கள்.